சமையலறைப் பையன் செய்த சாக்லேட் கேக்



பிறந்தநாள் என்றதும் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது எது? புதுச்சட்டை, வகுப்பில் கொடுக்கும் மிட்டாய், அப்புறம் கேக்! அதிலும் சாக்லேட் கேக் என்றால் கேட்கவே வேண்டாம். வெட்டி முடிப்பதற்குள் பாதி காணாமல் போயிருக்கும்.

இந்த வாரம் ஒரு சாக்லேட் கேக்கின் கதையையும், அதைச் செய்தவரின் வாழ்க்கையையும் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர் அரசர் இல்லை, போர் வீரர் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. அடுப்படியில் எடுபிடி வேலை செய்த ஒரு பையன். ஆனால் அவருடைய பெயரைத் தாங்கிய கேக்கை இன்றும் உலகின் பல நாட்டு மக்கள் தேடிப் போய்ச் சாப்பிடுகிறார்கள். அந்தக் கேக்கின் பெயருக்கு உரிமை கேட்டு இரண்டு நிறுவனங்கள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. வாருங்கள், கதைக்குள் போவோம்.

வியன்னாவில் பிறந்தவர்

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவில் ஆஸ்திரியா என்ற நாடு இருக்கிறது. உங்கள் உலக வரைபடத்தில் ஜெர்மனிக்குத் தெற்கே, இத்தாலிக்கு வடக்கே தேடிப் பாருங்கள். அதன் தலைநகரம் வியன்னா. டான்யூப் ஆறு பாயும் அழகான நகரம். மொசார்ட், பீத்தோவன் போன்ற இசை மேதைகள் வாழ்ந்த ஊர்.

அந்த ஊரில் 1816-ம் ஆண்டு டிசம்பர் 19-ம் தேதி பிறந்தவர்தான் நம் கதையின் நாயகர். பெயர் ஃபிரான்ஸ் சாஹர்.

அவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டுதான் நெப்போலியன் வாட்டர்லூ போரில் தோற்றிருந்தார். நெப்போலியன் புரட்டிப் போட்ட ஐரோப்பாவை மறுபடியும் ஒழுங்குபடுத்த, பல நாட்டு அரசர்களும் அமைச்சர்களும் வியன்னாவில் கூடி மாதக்கணக்கில் பேசினார்கள். வியன்னா மாநாடு என்று வரலாற்றுப் பாடத்தில் படிப்பீர்கள். அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் மெட்டர்னிக். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதைக்கும் இவர் வரப் போகிறார்.

ஃபிரான்ஸ் வளர்ந்து சிறுவனானதும் சமையல் கற்கச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் சமையல் கற்க இன்றுபோல் கல்லூரிகள் கிடையாது. பெரிய வீட்டுச் சமையலறையில் தலைமைச் சமையல்காரருக்குக் கீழே பயிற்சிப் பையனாகச் சேர வேண்டும். சேர்ந்த உடனே கரண்டியைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். விறகு சுமக்க வேண்டும். தண்ணீர் கொண்டுவர வேண்டும். காய்கறி தோல் சீவ வேண்டும். மலைபோல் குவியும் பாத்திரங்களைத் தேய்க்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில், பெரியவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தே கற்றுக்கொள்ள வேண்டும்.

ஃபிரான்ஸ் வேலைக்குச் சேர்ந்த இடம் சாதாரண வீடு இல்லை. மேலே சொன்ன மெட்டர்னிக்கின் மாளிகை! அப்போது அவர் ஆஸ்திரியப் பேரரசின் முதன்மை அமைச்சர். பல நாட்டுத் தூதர்கள் வந்து விருந்து உண்ணும் வீடு அது. விருந்தில் பேசுவதே அரசியலாக இருந்த காலம். உணவு நன்றாக இருந்தால் விருந்தினர் மனம் குளிரும். மனம் குளிர்ந்தால் பேச்சு சுமுகமாக நடக்கும். ஆகவே அந்தச் சமையலறைக்குப் பொறுப்பு அதிகம்.

அந்த ஒரு நாள்

1832-ம் ஆண்டு. ஃபிரான்ஸ் பயிற்சியில் சேர்ந்து இரண்டாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது. அப்போது அவர் பதினாறாவது வயதில் இருந்தார். உங்களில் பலருடைய அண்ணன், அக்கா வயதுதான்.

ஒரு நாள் மெட்டர்னிக் வீட்டுக்கு முக்கியமான விருந்தினர்கள் வருவதாக இருந்தது. அவர்களுக்காக இதுவரை யாரும் சாப்பிடாத புதிய இனிப்பு ஒன்றைச் செய்ய வேண்டும் என்று சமையலறைக்கு உத்தரவு வந்தது. தனக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாது என்றும் அமைச்சர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாராம்.

அந்த நேரம் பார்த்துத் தலைமைச் சமையல்காரர் நோயில் படுத்துவிட்டார். விருந்தைத் தள்ளிவைக்க முடியாது. விருந்தினர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். இனிப்புக்கு யார் பொறுப்பு? பயிற்சிப் பையன் ஃபிரான்ஸின் தலையில் அந்த வேலை விழுந்தது.

ஒரு நிமிடம் உங்களை ஃபிரான்ஸின் இடத்தில் வைத்துப் பாருங்கள். நன்றாகச் செய்தால் பெயர் வரும். சொதப்பினால் வேலை போகும். பேரரசின் முதன்மை அமைச்சர் விருந்தினர் முன்னால் தலைகுனிவார். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசான் பக்கத்தில் இல்லை. வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்காதா?

ஃபிரான்ஸ் ஓடி ஒளியவில்லை. சமையலறையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, சாக்லேட், ஆப்ரிகாட் ஜாம். இவ்வளவுதான். எல்லாம் அவர் தினமும் தொட்டுப் பழகிய பொருள்கள். இவற்றை வைத்து ஒரு சாக்லேட் கேக்கைச் செய்தார். அதன்மேல் ஆப்ரிகாட் ஜாமைப் பூசினார். ஜாமுக்கு மேல் பளபளக்கும் சாக்லேட் பாகை ஊற்றி மூடினார். விருந்தினர்கள் சாப்பிட்டுப் பார்த்து மகிழ்ந்தார்கள்.

ஜெர்மன் மொழியில் டோர்ட்டே என்றால் கேக். ஆகவே ஃபிரான்ஸ் செய்த கேக்குக்குப் பிற்காலத்தில் சாஹர் டோர்ட்டே என்று பெயர் நிலைத்தது.

சாக்லேட் அப்போது எப்படி இருந்தது?

இன்று மூலைக் கடையிலும் சாக்லேட் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் அப்படி இல்லை. சாக்லேட் செய்யப் பயன்படும் கொக்கோ மரத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். அங்கே வாழ்ந்த மாயா, ஆஸ்டெக் மக்கள் கொக்கோக் கொட்டையை அரைத்துப் பானமாகக் குடித்தார்கள். 16-ம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டவர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும் நீண்ட காலம் சாக்லேட் என்பது பெரும்பாலும் பணக்காரர்கள் சூடாகக் குடிக்கும் பானமாகவே இருந்தது.

1828-ம் ஆண்டு ஹாலந்து நாட்டைச் சேர்ந்த வான் ஹூட்டன், கொக்கோவில் இருந்து கொழுப்பைப் பிழிந்து எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகுதான் கொக்கோத் தூள் மலிவாகப் பரவத் தொடங்கியது. இங்கிலாந்தில் ஃப்ரை என்ற நிறுவனம் 1847-ல் கடித்துச் சாப்பிடும் சாக்லேட் கட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அப்படியென்றால் உலகின் முதல் சாக்லேட் கேக்கைச் செய்தவர் ஃபிரான்ஸ்தானா? இல்லை, குழந்தைகளே. அவருக்கு முன்பே, 1700-களில் வெளிவந்த சமையல் நூல்களில் சாக்லேட் சேர்த்த கேக் வகைகள் இருக்கின்றன. ஃபிரான்ஸின் கேக்கில் சிறப்பாக அமைந்தது சாக்லேட்டும் புளிப்பான பழ ஜாமும் பளபளப்பான மேல்பூச்சும் சேர்ந்த சேர்க்கைதான். இருந்ததை வைத்தே இனியதைச் செய்வதும் ஒரு கண்டுபிடிப்புத்தானே?

கேக்குக்குள் கொஞ்சம் அறிவியல்

இந்தக் கேக் எப்படி உப்புகிறது தெரியுமா? இன்று கேக் மாவில் பேக்கிங் பவுடர் போடுகிறோம். ஆனால் 1832-ல் அது கிடையாது. ஆல்பிரட் பேர்ட் என்ற இங்கிலாந்துக்காரர் பேக்கிங் பவுடரை உருவாக்கியது 1843-ல்தான். பின்னே எப்படி?

முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியாகப் பிரித்து நன்றாக அடிப்பார்கள். அடிக்க அடிக்க அதற்குள் காற்று நுழைந்து, சோப்பு நுரைபோல் வெண்மையாகப் பொங்கும். லட்சக்கணக்கான சின்னச்சின்னக் காற்றுக் குமிழிகள்! வெண்ணெய், சர்க்கரை, மஞ்சள் கரு, உருக்கிய சாக்லேட் ஆகியவற்றைக் குழைத்த கலவையில் இந்த நுரையையும் மாவையும் மெதுவாகச் சேர்ப்பார்கள். வேகமாகக் கிளறினால் குமிழிகள் உடைந்துவிடும். கேக் கல்லாகிவிடும். அடுப்பின் சூட்டில் குமிழிகளுக்குள் இருக்கும் காற்று விரிகிறது. சூடானால் காற்று விரியும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்களே, அதேதான். கேக்கும் மேலெழும்புகிறது.

இன்றுபோல் மின்சார அடுப்பு இல்லை, வெப்பத்தைக் காட்டும் முள் இல்லை. விறகு அடுப்பின் சூட்டைக் கையால் உணர்ந்தே முடிவு செய்தார்கள். நுரை அடிக்கவும் இயந்திரம் கிடையாது. கைதான் இயந்திரம்!

சரி, ஆப்ரிகாட் ஜாம் எதற்கு? ஆப்ரிகாட் என்பது ஆரஞ்சு நிறத்தில், உள்ளே ஒரே ஒரு கொட்டையுடன், இனிப்பும் புளிப்பும் கலந்து இருக்கும் பழம். டான்யூப் ஆற்றங்கரையில் வாகாவ் என்ற பள்ளத்தாக்கு இந்தப் பழத்துக்குப் பேர் போனது. ஜாம் மூன்று வேலை செய்கிறது. ஒன்று, கேக்கின் ஈரம் வெளியேறாமல் காக்கிறது. இரண்டு, கேக்கின் சொரசொரப்பை மூடி மேல்பூச்சு வழவழப்பாக உட்கார உதவுகிறது. மூன்று, அதன் புளிப்பு சாக்லேட்டின் திகட்டலைக் குறைக்கிறது.

மேல்பூச்சு என்பது சர்க்கரை, தண்ணீர், சாக்லேட் மூன்றையும் காய்ச்சிய பாகு. ஆறியதும் கண்ணாடிபோல் பளபளவென்று இறுகிவிடும். இப்படி மூடப்பட்டிருப்பதால் இந்தக் கேக் பல நாட்கள் கெடாது. தூர ஊர்களுக்கும் அனுப்பலாம். அதன் புகழ் பரவ இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கேக் பஞ்சுபோல் மெத்தென்று இருக்காது. சற்று இறுக்கமாக, கொஞ்சம் உலர்ந்தாற்போல் இருக்கும். அதனால்தான் சர்க்கரை சேர்க்காமல் அடித்த பாலாடையைப் பக்கத்தில் ஒரு கரண்டி வைத்துத் தருவது வியன்னா வழக்கம்.

கதையா? வரலாறா?

1832-ம் ஆண்டு நடந்ததாக நான் மேலே சொன்னது, சாஹர் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அந்த இரவு நடந்ததை அன்றே யாரும் எழுதிவைத்த சான்று கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் இந்தச் செய்தி வெளியே வந்தது. ஃபிரான்ஸ் இன்னும் சற்றுப் பெரியவராகி, அனுபவம் பெற்ற பிறகே இந்தக் கேக்கைச் செய்திருக்க வேண்டும் என்று கருதும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கிறதா? வேண்டாம். வாய்வழியாக வந்த கதையை ரசிக்கலாம். ஆனால் அது கதை, இது சான்று என்று பிரித்துப் பார்க்கவும் தெரிய வேண்டும். வரலாறு படிப்பவர்களுக்கு முதலில் வேண்டிய பழக்கம் அதுதான். கேக்கைச் செய்தவர் ஃபிரான்ஸ் சாஹர் என்பதே அந்தக் குடும்பமும் வியன்னா நகரமும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது. எந்த ஆண்டு, எந்த விருந்து என்பதில்தான் கேள்வி.

பதினாறு ஆண்டுகள்

ஒரே கேக்கில் ஃபிரான்ஸ் பணக்காரராகிவிட்டார் என்று நினைத்தால் தவறு. விருந்து முடிந்ததும் மறுநாள் காலையில் மறுபடியும் அடுப்படி வேலைதான்! பயிற்சியை ஒழுங்காக முடித்தார். பிறகு எஸ்டர்ஹாசி என்ற பெரிய பிரபு குடும்பத்தில் சமையல்காரராகச் சேர்ந்து, பிரஸ்பர்க் நகரில் வேலை பார்த்தார். இன்று அந்த நகரத்தின் பெயர் பிராட்டிஸ்லாவா. ஸ்லோவாக்கியா நாட்டின் தலைநகரம். அடுத்து ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரிலும் வேலை செய்தார். போன இடத்தில் எல்லாம் புதிதாக ஏதாவது கற்றுக்கொண்டார்.

1848-ம் ஆண்டு வியன்னாவுக்குத் திரும்பினார். அது ஐரோப்பா முழுவதும் மக்கள் புரட்சி வெடித்த ஆண்டு. எந்த மெட்டர்னிக்கின் சமையலறையில் ஃபிரான்ஸ் வேலை கற்றாரோ, அந்த மெட்டர்னிக் பதவியை இழந்து இங்கிலாந்துக்குத் தப்பி ஓடினார். விந்தையைப் பாருங்கள்! பெரிய அமைச்சர் ஊரை விட்டுப் போன அதே ஆண்டில், அவர் வீட்டுச் சமையலறைப் பையன் அந்த ஊரிலேயே சொந்தக் கடை திறந்தார். உயர்ந்த ரக உணவுப் பொருள்களும் ஒயினும் விற்கும் கடை அது. அப்போது அவருக்கு 31 வயது.

1832-ல் இருந்து 1848 வரை கணக்குப் போடுங்கள். பதினாறு ஆண்டுகள்! அவ்வளவு காலம் பிறர் வீட்டு அடுப்பில் உழைத்த பிறகுதான் அவருக்கென்று ஒரு கடை கிடைத்தது.

மகன் எடுவர்ட்

ஃபிரான்ஸின் மூத்த மகன் எடுவர்ட், 1843-ல் பிறந்தவர். தந்தையின் தொழில் மகனுக்கும் பிடித்திருந்தது. வியன்னாவில் டெமல் என்ற புகழ்பெற்ற இனிப்பகம் இருக்கிறது. அரண்மனைக்கே இனிப்பு செய்து கொடுத்த கடை. எடுவர்ட் அங்கே சேர்ந்து பயிற்சி பெற்றார். தந்தையின் கேக்கை இன்று நாம் காணும் வடிவத்துக்குச் செம்மைப்படுத்தியவர் அவர்தான். டெமல் கடையிலும் அந்தக் கேக் விற்பனைக்கு வந்தது.

1876-ம் ஆண்டு எடுவர்ட் சொந்தமாக ஒரு ஓட்டல் திறந்தார். இடம் எங்கே தெரியுமா? வியன்னாவின் பெரிய இசை நாடக அரங்குக்கு நேர் பின்னால். அந்த மனையில் முன்பு ஒரு பழைய நாடக அரங்கு இருந்தது. பீத்தோவன் தம்முடைய ஒன்பதாவது சிம்பொனியை 1824-ல் முதன்முதலாக அரங்கேற்றிய இடம் அதுதான். காது கேட்காத நிலையில் அந்த மேதை மேடையில் நின்ற இடத்தில் இன்று கேக் மணக்கிறது!

நாடகம் பார்க்க வந்தவர்கள் ஓட்டலுக்கும் வந்தார்கள். அரச குடும்பத்தார், அமைச்சர்கள், கலைஞர்கள் என்று கூட்டம் சேர்ந்தது. சாஹர் ஓட்டல் என்றால் வியன்னாவில் தெரியாதவர் இல்லை என்ற நிலை வந்தது. முதியவரான ஃபிரான்ஸ் அதையெல்லாம் கண் நிறையப் பார்த்தார்.

ஆனால் 1892-ம் ஆண்டு அவருக்குப் பெரிய துயரம் வந்தது. மகன் எடுவர்ட் 49 வயதிலேயே இறந்துபோனார். தந்தைக்கு அப்போது 75 வயது. கேக்கைச் செய்தவர் இருக்க, அதற்குப் புகழ் தேடித்தந்த மகன் போய்விட்டார்.

மருமகள் அன்னா

ஓட்டலை இனி யார் நடத்துவது? எடுவர்ட்டின் மனைவி அன்னா முன்வந்தார். இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் மகள் அவர். அப்போது வயது 33. பெண்கள் தொழில் நடத்துவது அபூர்வமாக இருந்த காலத்தில், அவ்வளவு பெரிய ஓட்டலைத் தனி ஆளாகக் கட்டிக் காத்தார். சுருட்டுப் பிடிப்பார், கூடவே குட்டையான புல்டாக் நாய்களை வைத்திருப்பார். சுருட்டை மட்டும் நீங்கள் விட்டுவிடுங்கள், துணிச்சலை எடுத்துக்கொள்ளுங்கள்!

அன்னாவிடம் ஒரு மேசை விரிப்பு இருந்தது. ஓட்டலுக்கு வரும் பிரபலங்களிடம் அதில் கையெழுத்து வாங்குவார். பிறகு அந்தக் கையெழுத்தின் மேலேயே நூலால் பூவேலை செய்துவிடுவார். பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப்பின் கையெழுத்து அதன் நடுவில் இருக்கிறது.

ஃபிரான்ஸ் சாஹர் 1907-ம் ஆண்டு மார்ச் 11-ம் தேதி, வியன்னாவுக்கு அருகில் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர் போன பாடன் என்ற ஊரில் காலமானார். 90 ஆண்டுகள் நிறைவாழ்வு வாழ்ந்தார்.

கேக்குக்காக ஒரு வழக்கு

ஃபிரான்ஸ் மறைந்த பிறகு காலம் தலைகீழாக மாறியது. 1914 முதல் 1918 வரை முதல் உலகப் போர் நடந்தது. ஆஸ்திரியப் பேரரசே உடைந்தது. ஓட்டலுக்கு வந்த பிரபுக்கள் ஏழைகளானார்கள். பணம் இழந்த பழைய வாடிக்கையாளர்களைப் பசியோடு திருப்பி அனுப்ப அன்னாவுக்கு மனம் வரவில்லை என்று சொல்வார்கள். 1930-ல் அன்னா மறைந்தார். 1934-ல் ஓட்டல் கடனில் மூழ்கித் திவாலானது. வேறு குடும்பத்தார் அதை வாங்கினார்கள். சாஹர் என்ற பெயர் ஓட்டலில் நின்றது; சாஹர் குடும்பம் வெளியேறியது.

ஃபிரான்ஸின் பேரனுக்கும் எடுவர்ட் என்றுதான் பெயர். அவர் டெமல் இனிப்பகத்தில் சேர்ந்து, எடுவர்ட் சாஹர் டோர்ட்டே என்ற பெயரில் கேக் விற்கும் உரிமையை அந்தக் கடைக்குக் கொடுத்தார். சாஹர் ஓட்டலின் புதிய உரிமையாளர்களோ, எங்கள் கேக்தான் அசல் என்று சொல்லி விற்றார்கள்.

ஒரே கேக், இரண்டு கடைகள்! இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1950-களில் விவகாரம் நீதிமன்றம் ஏறியது. அசல் என்று சொல்லும் உரிமை யாருக்கு? கேக்கை நடுவில் வெட்டி உள்ளேயும் ஜாம் தடவ வேண்டுமா, மேல்பூச்சுக்கு அடியில் மட்டும் தடவினால் போதுமா? வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பைப் பயன்படுத்தலாமா? இவற்றை எல்லாம் பெரிய வழக்கறிஞர்கள் நின்று வாதாடினார்கள். அன்னா காலத்தில் ஓட்டலுக்குப் போய் வந்த எழுத்தாளர் ஃபிரீட்ரிஷ் டோர்பெர்க், அப்போது கேக்கை நடுவில் வெட்டி ஜாம் வைத்ததில்லை என்று சாட்சி சொன்னார்.

இழுத்துக்கொண்டே போன வழக்கு 1963-ல் சமாதானத்தில் முடிந்தது. அசல் சாஹர் டோர்ட்டே என்ற பெயர் ஓட்டலுக்கு. அதன்மேல் சாக்லேட்டால் ஆன வட்ட முத்திரை இருக்கும். உள்ளே இரண்டு இடத்தில் ஜாம். எடுவர்ட் சாஹர் டோர்ட்டே என்ற பெயர் டெமலுக்கு. அதன்மேல் முக்கோண முத்திரை; ஜாம் மேல்பூச்சுக்கு அடியில் மட்டும்.

சிரிப்பாக இருக்கிறதா? ஒரு வரி ஜாமுக்காக இத்தனை ஆண்டு வழக்கா என்று தோன்றுகிறதா? யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம், சாஹர் பெயர் கொண்ட ஓட்டல். மறு பக்கம், எடுவர்ட் தொழில் கற்ற கடையும் ஃபிரான்ஸின் பேரனும். இரண்டு பேர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. கையெழுத்துப் போட்டு வைக்காத ஒரு பொருள் யாருக்குச் சொந்தம் என்பது கஷ்டமான கேள்விதான்.

இன்றும் மணக்கிறது

சாஹர் ஓட்டல் இன்று ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கும் அதிகமான கேக்குகளைச் செய்கிறது. முட்டை உடைப்பது முதல் முத்திரை வைப்பது வரை பெரும்பகுதி வேலை கையால் நடக்கிறது. மரப்பெட்டியில் வைத்துப் பல நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். சரியான அளவுக் குறிப்பு மட்டும் இன்னும் இரகசியம்!

வியன்னாவில் காபிக் கடை என்பது வெறும் கடை இல்லை. ஒரு கோப்பை காபியும் ஒரு துண்டு கேக்கும் வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து நாளிதழ் படிக்கலாம், எழுதலாம், நண்பர்களுடன் பேசலாம். யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். இந்தக் காபிக் கடைப் பண்பாட்டை யுனெஸ்கோவின் ஆஸ்திரியப் பிரிவு 2011-ல் தன் நாட்டின் மரபுச் செல்வங்கள் பட்டியலில் சேர்த்தது. கோட்டையும் கோபுரமும் மட்டும் பாரம்பரியம் இல்லை. கையால் செய்து, வாயால் சுவைத்து, அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுப்பதும் பாரம்பரியம்தான். கல்லால் கட்டியது தானாக நிற்கும். சமையல் அப்படி இல்லை. யாராவது ஒருவர் தினமும் செய்துகொண்டே இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும்.

ஃபிரான்ஸ் சாஹரின் வாழ்க்கையில் இருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன, குழந்தைகளே? வாய்ப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, சொல்லிக்கொண்டும் வராது. தலைமைச் சமையல்காரர் படுத்துவிட்ட அன்று ஃபிரான்ஸால் கேக் செய்ய முடிந்ததாகச் சொல்கிறார்களே, அது அன்று ஒரே நாளில் கற்றது இல்லை. பாத்திரம் தேய்க்கும்போதும் விறகு சுமக்கும்போதும் கண்ணைத் திறந்து வைத்திருந்ததால் கற்றது. பாராட்டு கிடைத்த பிறகும் பதினாறு ஆண்டுகள் பொறுமையாக உழைத்தார். அதுதான் அவருடைய உண்மையான சமையல் குறிப்பு. அது இரகசியமும் இல்லை!

இந்த வார வேலை

உங்கள் வீட்டில் பாட்டியோ, அம்மாவோ, அப்பாவோ மட்டும் செய்யத் தெரிந்த ஒரு பலகாரம் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன பொருள், எவ்வளவு அளவு, யாரிடம் கற்றார்கள், எந்த ஊரில் கற்றார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். தேதியையும் மறக்காமல் போடுங்கள். பிற்காலத்தில் யாரும் சான்று எங்கே என்று கேட்டால், எடுத்துக் காட்ட உங்களிடம் ஒரு நோட்டு இருக்கும்.